முதியவருக்காக ஒரு நவநாள்

கேசோன் நகரின் நியூ மணிலா பகுதியில், ஐமார்ட் டிரைவ் என்னும் சிறிய தெருவில் இருக்கிறது பெட்டா நாடக மையம். பெட்டா என்றதும் நம்மவர்க்கு ஜல்லிக்கட்டு வழக்குதான் நினைவுக்கு வரும். இது வேறு. பிலிப்பைன்ஸ் கல்வி நாடகக் கழகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இது. 1967-இல் செசில் கிடோட் தொடங்கிய இக்குழு, 1972-இல் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்த பின் அவர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தபோதும் கலையவில்லை. இந்திராமுரோஸ் கோட்டைப் பகுதியின் இடிபாடுகளுக்கு நடுவே திறந்தவெளியில் பல்லாண்டுகள் நாடகம் போட்டுவிட்டுப் பின்னர்தான் இந்தச் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது.

அங்கே ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் மூன்று மணிக் காட்சிக்கு, சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி தன் சித்தியை அழைத்து வந்திருந்தாள். சித்தி நுவேவா எசீஹா மாகாணத்து நெல்வயல் கிராமமொன்றிலிருந்து விடியலில் பேருந்தேறியவர். மடியில் வாழையிலையில் பொதிந்த சூமான் பொட்டலம். நம் இலையடைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க ஒட்டரிசிப் பண்டம் அது. அரங்கத்துக்குள் உணவு கொண்டுசெல்லக் கூடாது என்று வாயிலில் சொன்னார்கள். சித்தி அதைக் கைப்பையின் அடியில் தள்ளிவிட்டு, ஒன்றும் இல்லாதவர்போல உள்ளே போய் அமர்ந்தார்.

நாடகத்தின் பெயர் ‘கேர் டிவாஸ்’. லீசா மக்தோதோ எழுதி, வின்சென்ட் டி ஹேசுஸ் இசையமைத்து, மரிபெல் லெகார்டா இயக்கி 2011-இல் முதன்முதலாக மேடையேறிய இசைநாடகம். பின்னர் பலமுறை மீண்டும் நிகழ்த்தப்பட்டது. பகலில் இஸ்ரேலின் முதியவர்களைப் பராமரித்து, இரவில் பொய்முடியும் மினுக்குடையும் தரித்துப் பாடி ஆடும் ஐந்து பிலிப்பினோக்களின் கதை. ஆணுடலில் பிறந்து பெண்மையைத் தரித்து வாழ்பவர்கள் இவர்கள். தகாலோக் மொழியில் இவர்களுக்குரிய சொல் ‘பக்லா’. அதைத் திருநங்கை என்று பெயர்த்தால் பாதிதான் பொருந்தும். பெண்தன்மை கொண்ட தன்பாலீர்ப்பு ஆண்களையும் அச்சொல் சேர்த்தே சுட்டுகிறது. அந்தச் சொல்லுக்குள் ஏளனமும் இருக்கிறது, வாஞ்சையும் இருக்கிறது. எது எப்போது என்பது சொல்பவரின் குரலைப் பொறுத்தது.

இதே வாழ்வை இஸ்ரேலிய இயக்குநர் டோமர் ஹேமன் 2006-இல் ‘பேப்பர் டால்ஸ்’ என்ற ஆவணப்படமாக எடுத்திருந்தார். அதே தலைப்பில் ஃபிலிப் ஹிம்பெர்க் எழுதிய மேடை வடிவம் 2013-இல் லண்டன் டிரைசைக்கிள் அரங்கில் நிகழ்ந்தது. அதை இயக்கியவர் இந்து ரூபசிங்கம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு ஷெஃபீல்டில் பிறந்தவர், இன்று பிரிட்டனின் தேசிய அரங்கத்தை வழிநடத்துபவர். புலம்பெயர்ந்தோர் கதையொன்று புலம்பெயர்ந்தோர் மகளிடம் போய்ச் சேர்ந்தது தற்செயல்தான் என்றாலும் குறிப்பிடத் தோன்றுகிறது. ஆனால் லண்டனில் அது அயலார் கதை. கேசோன் நகரில் அரங்கில் இருப்பவர்களுள் பலருக்கும் அது சொந்த வீட்டுச் செய்தி. நாட்டின் ஏதோவொரு மூலையில் ஓர் அத்தையோ அண்ணனோ வெளிநாட்டில் இல்லாத குடும்பத்தை அங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மாணவியின் தாய் ஹைஃபாவில் இருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது போனவர். பராமரிப்பாளர் சான்றிதழுக்கான பயிற்சியைப் படுக்கையில் கிடத்திய பொம்மையை வைத்துக் கற்றுக்கொண்டு, முகவர்களுக்குச் சில ஆயிரம் டாலர் கடன்பட்டுக் கொடுத்து விமானமேறியவர். தரகுப் பணமின்றி அரசு வழியாகவே ஆளெடுக்கும் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இடையே 2018-இல்தான் கையெழுத்தானது. அவர் போனபோது அப்படியெதுவும் இல்லை. அன்றிலிருந்து மகளை வளர்த்தவர் சித்தி. சமூகவியல் நூல்கள் இந்தச் சித்தியை நன்கு அறியும். ராசெல் சலாசார் பரேஞ்யாஸ் ரோமிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் பணிபுரிந்த பிலிப்பினாப் பெண்களை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட நூலும், பின்னர் 2005-இல் அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளைப் பற்றி எழுதிய நூலும் சொல்வது இதைத்தான்: தாய் போனபின் தகப்பன்கள் பெரும்பாலும் அடுப்படிக்கு வருவதில்லை, மூத்த மகளோ, பாட்டியோ, சித்தியோ அந்த வேலையை ஏற்கிறார்கள். பரேஞ்யாஸின் ஆய்வை அடியொற்றித்தான் ஆர்லி ஹோக்ஷீல்ட் ‘உலகளாவிய பராமரிப்புச் சங்கிலி’ என்ற கருத்தாக்கத்தை 2000-இல் முன்வைத்தார். மாணவி தன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இச்சங்கிலியை விளக்கியிருந்தாள். சித்தி அதன் ஒரு கண்ணி. தாம் கண்ணி என்பது சித்திக்குத் தெரியாது, தெரிந்தால் சிரித்திருப்பார்.

நாடகம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சித்தி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அரங்கமே சிரித்தது. உடல் பருத்த நடிகர் ஒருவர் பொய்முடியைச் சரிசெய்துகொண்டு இடுப்பை ஒடித்தால் போதும், பின்வரிசை வரை ஆர்ப்பரிப்பு. பிலிப்பைன்ஸ் மக்கள் நாடகத்தின் வழக்கமே இது. முதலில் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்து, அந்த வாயை மூடுவதற்குள் எதையோ உள்ளே தள்ளிவிடுவது. தகாலோகும் ஆங்கிலமும் இடையிடையே ஹீப்ருவும் கலந்த உரையாடல் அவ்வளவு வேகமாக ஓடியது. மாணவி மட்டும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் ஹைஃபாவில் முதியவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். நிமோனியா. வயது 93.

இங்கே சட்டத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இஸ்ரேலில் அயல்நாட்டுப் பராமரிப்பாளர் பொதுவாக 63 மாதங்கள் வரைதான் தங்கலாம். அக்காலம் முடிந்த பின்னும், தாம் பராமரித்துவரும் அதே நபரிடம் தொடர்ந்தால் அனுமதி நீட்டிக்கப்படும். அந்த நபர் இறந்துவிட்டால், அபூர்வ விதிவிலக்குகள் நீங்கலாக, பராமரிப்பாளர் நாடு திரும்ப வேண்டியதுதான். ஒரே முதலாளியிடம் தொழிலாளியைக் கட்டிப்போடும் ஏற்பாட்டை இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் 2006-இல் கண்டித்து ரத்து செய்தது உண்மை. ஆனால் 2011-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம், பராமரிப்பாளர் எத்தனை முறை வேலை மாறலாம், எந்தப் பகுதிக்குள் மாறலாம் என்று மீண்டும் வரம்பு கட்ட அரசுக்கு அதிகாரம் தந்தது. வேலை நேரச் சட்டமும் இவர்களுக்குப் பொருந்தாது. உடன் தங்கிப் பணிபுரியும் பராமரிப்பாளருக்கு மிகைநேர ஊதியம் கோரிய வழக்கு 2009-இல் தள்ளுபடியானது. 2013-இல் விரிந்த அமர்வின் மறுவிசாரணையிலும் முடிவு மாறவில்லை. இரவில் முதியவர் மூன்று முறை எழுந்தால் மூன்று முறையும் எழுபவரின் தூக்கம் உழைப்பா ஓய்வா என்பது எந்த மணிக்கணக்கிலும் அடங்கவில்லை போலும்.

ஆக, மாணவியின் தாய் 63 மாதங்களை எப்போதோ கடந்துவிட்டார். அவருடைய விசா என்பது அந்த முதியவரின் மூச்சு.

இதை அறிந்துகொண்ட ஒரு குடும்பம் எவ்வாறு வாழும்? கிராமத்து வீட்டின் பூசை மாடத்தில் குழந்தை இயேசு சொரூபத்துக்குப் பக்கத்தில் அந்த யூத முதியவரின் புகைப்படம் இருக்கிறது. தாய் அனுப்பியது. சித்தி அவரை ‘லோலோ’ என்றுதான் சொல்வார். தாத்தா என்று பொருள். லோலோவின் இரத்த அழுத்தம், அவருக்குப் பிடித்த கோழிச்சாறு, பிடிக்காத மருமகள் எல்லாம் சித்திக்குத் தெரியும். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அவருக்குச் சளி பிடிக்கும்போது இங்கே நவநாள் தொடங்கும். ஒருநாள் ஊர்ப் பங்குத்தந்தை, யாருக்காக இத்தனை உருக்கமான செபம் என்று கேட்டிருக்கிறார். “எங்கள் லோலோவுக்கு” என்றார் சித்தி. “எந்தப் பங்கு?” என்று அவர் கேட்டதற்குச் சித்தியிடம் விடையில்லை.

மாணவிக்கு இதில் ஒரு கூச்சம் நெடுநாளாக உண்டு. தன் படிப்புக்காகவும் வீட்டுக் கூரைக்காகவும் ஒருவர் சாகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டுவது அன்பா, கணக்கா? அவள் அதை யாரிடமும் கேட்டதில்லை. ஆய்வேட்டில் ‘கருவிசார் உணர்வு’ என்றொரு சொல்லாட்சியை எழுதி, பிறகு அடித்துவிட்டாள்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு காட்சி. பராமரிப்பாளர் ஒருவர் முதியவரைச் சக்கர நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும். நடிகர் குனிந்து, தம் முழங்கால்களால் முதியவரின் முழங்கால்களை முட்டுக்கொடுத்து, அக்குள்களுக்கு அடியில் கைகளைச் செலுத்தி, முதுகை வளைக்காமல் தொடையால் எழுந்தார். நொடிப்பொழுதுதான். மினுக்குடைக்காரர்களின் நாடகத்தில் எவரும் கவனிக்க வேண்டிய அசைவும் அல்ல. மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த அசைவை அவள் முன்பே பார்த்திருந்தாள். இரண்டாண்டுகளுக்கு முன் தாய் விடுப்பில் வந்திருந்தபோது, விருந்தொன்றில் குடித்துவிட்டுத் தரையில் சரிந்த மாமாவை நான்கு ஆண்கள் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தாய் வந்து அவர்களை விலக்கிவிட்டு, இதேபோல முழங்காலால் முட்டுக்கொடுத்து, “அஹத், ஷ்தாயிம், ஷலோஷ்” என்று எண்ணி, ஒரே மூச்சில் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணியது ஹீப்ருவில் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள்.

இத்தனை ஆண்டுக் காணொளி அழைப்புகளில் தாய் எதைப் பற்றிப் பேசினார்? தட்பவெப்பம், கட்டணம், தம்பியின் மோட்டார் சைக்கிள், ஆரஞ்சு விலை. மலம் துடைப்பதைப் பற்றிப் பேசியதில்லை. இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று சொன்னதில்லை. முதியவரை அவர் குளிப்பாட்டுகிறார் என்பது மகளுக்கு அறிவாகத் தெரியும், பார்வையாகத் தெரியாது. மேடையில் பொய்முடி அணிந்த ஓர் ஆண் அதைச் செய்துகாட்டியபோதுதான் தாயின் கைகள் பகல் முழுவதும் என்ன செய்கின்றன என்பதை முதன்முறையாகக் கண்டாள். பக்கத்து நாற்காலியில் சித்தியின் சிரிப்பும் அப்போது நின்றிருந்தது. அவர் மேடையைப் பார்க்கவில்லை. தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாணவியின் பாட்டி, அதாவது தாய்க்கும் சித்திக்கும் அம்மா, நான்காண்டுகள் படுக்கையில் கிடந்துதான் இறந்தார். அவரைத் தூக்கியவர் சித்தி. அவருக்கு யாரும் முழங்கால் முட்டுக்கொடுக்கச் சொல்லித்தரவில்லை. இடுப்பு அன்று போனது, இன்றும் சரியாகவில்லை.

பராமரிப்புச் சங்கிலிக் கோட்பாட்டுக்கு வந்த கூர்மையான மறுப்புகளில் ஒன்று மார்ட்டின் மனலன்சானுடையது. 2008-இல் வெளியான கட்டுரையில் அவர் ‘பேப்பர் டால்ஸ்’ ஆவணப்படத்தையே எடுத்துக்கொண்டு, இக்கோட்பாடு பராமரிப்பவரை எப்போதும் ஒரு தாயாக, பிள்ளையைப் பிரிந்த இதயமாகக் கற்பித்துக்கொள்கிறது என்று சுட்டினார். அப்படியானால் தாயல்லாத பக்லாக்கள் செய்யும் பராமரிப்பை எங்கே வைப்பது? பெண்ணுக்கு இயல்பாக ஊறும் அன்பை ஏற்றுமதி செய்கிறோம் என்ற கதையாடல் இவர்களிடம் வந்ததும் தடுக்கி விழுகிறது. பராமரிப்பு என்பது பழக்கத்தால், களைப்பால், சலிப்பால், சில வேளை விலகி நிற்பதாலும் செய்து முடிக்கப்படுகிற வேலை. இந்நாடகத்தின் ஆற்றலும் அங்கேதான் இருக்கிறது. இரவு மேடையில் பெண்ணாக நடிப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டுமோ அவ்வளவு பயிற்சி பகலில் புன்னகைப்பதற்கும் வேண்டும் என்பதை அது உடையை மாற்றியே காட்டிவிடுகிறது. ஆனால் குறையும் உண்டு. முதியவர்கள் மேடையில் பெரும்பாலும் பராமரிப்பாளர்களின் துயரை எடுத்துக்காட்டும் கருவிகளாகவே நின்றுவிடுகிறார்கள். நகைச்சுவை நாடகத்தில் அதற்குமேல் இடமில்லை என்று சொல்லலாம். என்றாலும், மாடத்தில் அவர்களுள் ஒருவரின் படத்தை வைத்திருப்பவர்களுக்கு அது உறுத்தும்.

மொழியிலும் இவ்விலகல் தெரிகிறது. ஹீப்ருவில் ‘பிலிப்பினித்’ என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் என்று பொருள். பேச்சு வழக்கில் அது முதியோரைப் பராமரிப்பவள் என்றே ஆகிவிட்டது. நேபாளத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்தவரும் அந்த வீட்டின் ‘பிலிப்பினித்’தான். ஒரு நாட்டின் பெயரே ஒரு வேலையின் பெயராகிப் போனது. சொந்த நாட்டிலோ வேறு பட்டம். 1988-இல் அதிபர் கொராசோன் அக்கினோ ஹாங்காங்கின் வீட்டுப் பணியாளர்கள் முன்னிலையில் அவர்களைப் புதிய வீரர்கள் என்று புகழ்ந்தார். அன்றிலிருந்து அரசின் ஒவ்வொரு விழாவிலும் அச்சொல் ஒலிக்கிறது. 2023-இல் மட்டும் அயலகப் பிலிப்பினோக்கள் வங்கிகள் வழியாக அனுப்பிய தொகை 3,300 கோடி டாலருக்கு மேல். வீரர் என்ற சொல்லுக்கு அந்த விலை கட்டுப்படியாகும்.

இந்தியாவுக்கும் இது அயலார் கதை இல்லை. இஸ்ரேலில் இருக்கும் இந்தியர்களில் பலர் பராமரிப்பாளர்களே. அவர்களுள் மலையாளிகள் கணிசம். 2021 மே மாதம் காசாவிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணை அஷ்கெலோனில் விழுந்தபோது இடுக்கி மாவட்டத்துப் பராமரிப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். அப்போது அவர் ஊரிலிருந்த கணவருடன் காணொளி அழைப்பில் இருந்தார். அவர் கவனித்துவந்த மூதாட்டி காயங்களோடு தப்பினார். நம் சமூக அறிவியல் துறைகளில் வளைகுடாப் பெயர்வு பற்றி அடுக்கடுக்காக ஆய்வேடுகள் வந்துள்ளன. இந்தப் படுக்கையறைப் பெயர்வு பற்றிக் கைவிரல்விட்டு எண்ணத்தக்கவையே கண்ணில் படுகின்றன. மலையாளத்திலோ தமிழிலோ இதற்கொரு ‘கேர் டிவாஸ்’ எழுதப்பட்டால் அரங்கம் சிரிக்குமா என்பதும் ஐயமே. இவ்விடத்தில் நாம் முதலில் அழுதுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம்.

நாடகம் முடிந்து வெளியே வந்தபோது மணி ஆறு ஆகியிருந்தது. ஹைஃபாவில் நண்பகல். தெருவோரத்தில் நின்று மாணவி அழைத்தாள். தாய் மருத்துவமனை நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஆறு இரவுகளாக அங்கேயே தூக்கம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனாலும் உதட்டுச் சாயம் பூசியிருந்தார்.

“நாடகம் எப்படி இருந்தது?” என்றுதான் முதலில் கேட்டார்.

“நிறையச் சிரித்தோம், அம்மா.”

“எங்களைப் பற்றி என்ன சொன்னார்கள்?”

மகள் பதில் தேடினாள். முழங்காலைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். அதற்குள் சித்தி கைபேசியை வாங்கிக்கொண்டார்.

“அக்கா, லோலோ சாப்பிட்டாரா?”

“இன்று நாலு கரண்டி தயிர் இறங்கியது. நேற்று இரண்டுதான்.”

“காய்ச்சல்?”

“விட்டு விட்டு வருகிறது. மகன் நேற்று வந்து, இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்டான். நல்ல பையன். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை.”

“நீ என்ன சொன்னாய்?”

“தெரியாது என்றேன். இவர் இருக்கும்போது அதைப் பேச எனக்குப் பிடிக்கவில்லை. காது நன்றாகக் கேட்கும் இவருக்கு, எல்லாரும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.”

பிறகு செவிலியர் ஒருவர் அழைக்க, தாய் எழுந்து போனார். கைபேசியை அணைக்க மறந்திருந்தார். சட்டைப்பைக்குள் இருந்திருக்க வேண்டும். திரையில் இருட்டு. துணி உரசும் ஒலியும், ஏதோ கட்டிலின் இரும்புச் சத்தமும், பிறகு தாயின் குரலும் கேட்டன. அஹத். ஷ்தாயிம். ஷலோஷ். மகள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. தெருவில் ஜீப்னி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு போனதால் அதன்பின் வந்தது சரியாகக் கேட்கவில்லை.

சித்தி கைப்பையின் அடியிலிருந்து சூமான் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். நசுங்கியிருந்தது. ஆளுக்கு ஒன்று தின்றார்கள். இரவு தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று மாணவி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், சித்தி கேட்கவில்லை. குபாவோ நிலையத்திலிருந்து எட்டு மணிப் பேருந்து இருந்தது. நவநாளின் ஏழாம் நாள் அன்று. அதைப் பேருந்திலேயே சொல்லிக்கொள்ளலாம், மீதி இரண்டு நாளை வீட்டில் மாடத்தின் முன்னால்தான் சொல்ல வேண்டும் என்றார்.